ஸ்பீக்கர் காந்தமா, ஃபெரைட்டா, இரும்புத்தூளா?

அறிவியல் கண்காட்சிக்கு மைக்ரோவேவை விழுங்கும் பெயிண்ட் செய்கிறேன் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துப் படிவம் ஆறு மாணவர் கிளம்பினால், முதலில் கைவைப்பது பழைய ஸ்பீக்கர் காந்தத்தில்தான். பழைய இரும்புக் கடையில் மலிவு. இடித்து எபோக்சியில் குழைத்தால் முடிந்தது என்ற நினைப்பு.

முடியாது. அந்தக் கறுப்புக் காந்தம் பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் ஹெக்ஸாஃபெரைட். ஃபெரைட் என்றால் இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடு சேர்த்துச் சுட்ட காந்தப் பீங்கான். அதன் காந்தத் திசை ஒரே அச்சில் இறுகிக் கிடப்பதால், இயல்பான ஒத்திசைவு, அதாவது அலையை அது நன்றாக விழுங்கும் அதிர்வெண், 45, 50 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போய் நிற்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை அது சட்டை செய்யாது. இரும்பில் ஒரு பகுதிக்குப் பதில் கோபால்ட்டும் டைட்டானியமும் சேர்த்தால் அந்த இறுக்கம் தளர்ந்து, ஒத்திசைவு 10 கிகாஹெர்ட்ஸ் வரைகூட இறங்கும். அந்த அளவில் ஓடும் ரேடார் அலைக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் 1,000 டிகிரிக்கு மேல் சூளை வேண்டும், வீட்டு அடுப்பில் நடக்காது. (மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்துச் சோதிக்கும் யோசனையும் வேண்டாம், தம்பி.)

நிக்கல்-துத்தநாக ஃபெரைட் வேறு ஜாதி. லேப்டாப் கம்பியில் புடைத்திருக்கும் குமிழுக்குள் பெரும்பாலும் இதுதான். கவ்வும் வகையைத் திறந்து பாருங்கள்: சாம்பல் கலந்த கறுப்பு, கீழே விழுந்தால் தேநீர்க் கோப்பை மாதிரி உடையும். 30 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1 கிகாஹெர்ட்ஸ் வரை இதன் ராஜ்யம். மின்காந்தச் சோதனை அறைச் சுவர்களில் சுமார் 6 மில்லிமீட்டர் ஓடாக ஒட்டுகிறார்கள். 30 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 10 மீட்டர். கரி ஏற்றிய நுரைக் கூம்பால் அதைப் பிடிக்கப் போனால், கூம்பே மீட்டர் கணக்கில் நீளும். மேல் அதிர்வெண்ணில் இந்த ஃபெரைட் தளர்ந்துவிடும். ஊடுருவுதிறனை (காந்தப் புலத்துக்கு இணங்கும் அளவை) கூட்டினால் ஒத்திசைவு கீழே இறங்கும் என்று பிலிப்ஸ் ஆய்வகத்தின் ஸ்னூக் 1948-இல் காட்டிய வரம்பு அது.

மூன்றாவது, கார்பொனைல் இரும்புத்தூள், அதாவது மிக நுண்ணிய சுத்த இரும்புப் பொடி. இதற்குக் காந்த ஏற்பு அதிகம். பல கிகாஹெர்ட்ஸில் மெல்லிய பூச்சே போதும். ஆனால் கனம், அப்புறம் துரு. நம்மூர் ஈரத்தில் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போச்சு. ஃபெரைட்டுக்கு அந்தக் கவலை இல்லை. அது ஏற்கெனவே ஆக்சைடு, இனி துருப்பிடிக்க என்ன இருக்கிறது?

கண்காட்சிக்கு என்றால் பெயிண்டை விட்டுவிட்டு, கவ்வும் ஃபெரைட் ஒன்று வாங்குங்கள். சார்ஜர் செருகியதும் வானொலியில் மின்னல் எஃப்எம் நிலையம் இரைகிறதா? அந்தச் சார்ஜர் கம்பியை அதற்குள் இரண்டு சுற்று விட்டு மூடுங்கள். பெரும்பாலும் அங்கேயே வித்தியாசம் கேட்கும்.