கியூ ஆவணக் காப்பகத்தின் உயில் தரவிறக்கச் சேவை: கிராமத்து மூதாதையரைத் தேட எவ்வளவு உதவும்?

இங்கிலாந்தின் கிராமப்புறக் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடுபவர்கள் பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்) பதிவேட்டிலிருந்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எடுத்து முடித்ததும் உயிலுக்குத்தான் வந்தாக வேண்டும். ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று வில்லியம்கள் இருந்தால் பதிவேட்டை வைத்து அவர்களைப் பிரிக்க முடியாது. மனைவி பெயர், மக்கள் பெயர், தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர், அடமானம் போன வயல் எல்லாம் ஒரே தாளில் இருப்பது உயிலில் மட்டும்தான்.

அதற்காகப் பெரும்பாலோர் முதலில் போகும் இடம், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளம். அங்கே ‘புரோப் 11’ என்ற தொடரில் 1384 முதல் 1858 வரையிலான பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உயில்கள் படமாக இருக்கின்றன. முன்பு ஓர் உயிலுக்கு 3.50 பவுண்ட் வாங்கினார்கள். 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். கணக்கு ஒன்றைத் திறந்து உள்ளே போனால் இலவசம், ஒரு கூடையில் பத்து வரை போடலாம். விலையில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. கிராமத்துக் குடும்பத்தைத் தேடுபவர் இங்கிருந்து தொடங்குவதுதான் பிசகு.

காரணம், இது யாருடைய உயில்களின் தொகுப்பு என்பதில் இருக்கிறது. 1858 ஜனவரி 12க்கு முன் இங்கிலாந்தில் உயிலை மெய்ப்பித்துப் புரொபேட் (உயில் செல்லும் என்ற சான்று) கொடுத்தவை திருச்சபை நீதிமன்றங்கள். கீழே ஆர்ச்டீக்கன் (ஆயருக்குக் கீழுள்ள திருச்சபை அதிகாரி) நீதிமன்றம், அதற்கு மேல் ஆயரின் நீதிமன்றம், உச்சியில் கேன்டர்பரி, யார்க் பேராயர்களின் நீதிமன்றங்கள். ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் 5 பவுண்டுக்குக் குறையாத பொருள் இருந்தால்தான் பேராயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கியூவில் இருப்பது கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்தின் பதிவேடு மட்டும். ஒரே ஊரில் 30 ஏக்கரும் நாலு பசுவும் வைத்திருந்த குடியானவரின் உயில் பக்கத்து டவுனில், ஆர்ச்டீக்கன் நீதிமன்றத்திலேயே முடிந்திருக்கும். ஆகவே இந்தத் தளத்தில் பெயர் வரவில்லை என்றால் அவர் உயில் எழுதவில்லை என்று அர்த்தமில்லை. தேடலைப் பாதியில் கைவிடுபவர்களில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

சரியான வரிசை இது. முதலில் அந்தப் பாரிஷ் எந்த நீதிமன்றத்தின் கீழ் இருந்தது என்று பாருங்கள். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தின் விக்கியில் கவுன்டி வாரியாகப் புரொபேட் பக்கங்கள் உண்டு. பக்கத்துப் பாரிஷ் ஆயரின் கீழ் இருந்தது, ஆகவே இதுவும் அப்படித்தான் என்று எண்ண வேண்டாம்; ‘பெக்யூலியர்’ எனப்பட்ட விதிவிலக்குப் பாரிஷ்கள் ஆயருக்குக் கட்டுப்படாமல் ஒரு டீனுக்கோ வேறொரு திருச்சபை அதிகாரிக்கோ கீழே தனித்தீவாக இருந்தன. நீதிமன்றம் தெரிந்தபின் அதன் ஆவணங்கள் இன்று எங்கே என்று தேடுங்கள். வில்ட்ஷையர் என்றால் சிப்பன்ஹாமிலுள்ள வில்ட்ஷையர், ஸ்விண்டன் வரலாற்று மையம். சாலிஸ்பரி மறைமாவட்டத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயில்கள் அங்கே. யார்க்ஷையரின் பெரும்பகுதிக்கு யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் நிறுவனம். வடகிழக்குக்கு டர்ஹம் பல்கலைக்கழகம். நார்ஃபோக்குக்கு நாரிச்சிலுள்ள கவுன்டி ஆவணக் காப்பகம். இவற்றில் இல்லாதபோது கியூவுக்கு வாருங்கள்.

நேரே கியூவுக்கே வர வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றில் முக்கியமானது 1653 முதல் 1660 வரையிலான காலம். திருச்சபை நீதிமன்றங்கள் கலைக்கப்பட்டு, இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கவும் லண்டனில் இருந்த ஒரே நீதிமன்றம் புரொபேட் கொடுத்தது. அந்த ஏழு வருடத்தில் மட்டும் கம்பர்லாந்து மலையடிவாரத்து இடையரின் உயில்கூடப் புரோப் 11இல் கிடைக்கலாம். அடுத்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்: அரசாங்கக் கடன் பத்திரம் வைத்திருந்தவர் இறந்தால் இங்கிலாந்து வங்கி கேன்டர்பரி புரொபேட்டைத்தான் ஏற்றது. அதனால் மாவு ஆலைக்காரர், மளிகைக் கடைக்காரர், விதவைகள் எனச் சாதாரண ஆட்களும் இதில் நிறைய வருகிறார்கள். மூன்றாவது, வெளிநாட்டில் இறந்தவர்கள். பண்ணையை அண்ணனுக்கு விட்டுவிட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு மதராஸ் போன இளைய மகனுக்கு இங்கிலாந்தில் சொத்து இருந்திருந்தால் அவர் உயிலும் இங்கேதான் வரும். அதில் ஊரில் இருக்கும் தங்கைமார் பெயர் இருந்தால் கிராமத்துக் கிளையே பிடிபட்டுவிடும்.

தேடும் பெட்டியைப் பற்றி. பெயர், தொழில், ஊர், ஆண்டு என்று கட்டங்கள் இருக்கின்றன. அட்டவணையில் இருப்பது உயில் எழுதியவரின் பெயர் மட்டும். பங்கு பெற்றவர்கள், சாட்சிகள், நிறைவேற்றுநர்கள் யாரும் அதில் இல்லை. இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இதுதான். சுற்றிப்போக ஒரு வழி: குடும்பப் பெயரை விட்டுவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் போட்டு, நூறு ஆண்டு இடைவெளி கொடுங்கள். சிறிய பாரிஷ் என்றால் கைக்கடங்கிய எண்ணிக்கையில்தான் வரும். அத்தனையையும் இறக்கிப் படியுங்கள். உயிலே எழுதாத கூலிக்காரர்கூட பக்கத்துப் பண்ணைக்காரரின் உயிலில் சாட்சியாகக் கைநாட்டு வைத்திருப்பார், அல்லது “என் வேலையாளுக்கு ஒரு பழைய கோட்டு” என்ற வரியில் வருவார். ஊர்ப் பெயர் பல எழுத்துக்கூட்டில் இருக்கும். நட்சத்திரக் குறி போட்டு வாலை வெட்டித் தேடுவது நல்லது.

பட்டியலில் காட்டும் தேதி புரொபேட் கிடைத்த தேதி. இறந்த தேதியும் அல்ல, உயில் எழுதிய தேதியும் அல்ல. அடக்கப் பதிவுக்குப் பல மாதம், சில வேளை பல ஆண்டு கழித்தும் இருக்கலாம். இன்னொரு சிக்கல், 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. நவம்பர் 1649இல் எழுதிய உயிலுக்கு பிப்ரவரி 1649இல் புரொபேட் என்று பதிவேட்டில் இருந்தால் எழுத்தர் தவறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நம் கணக்கில் அது பிப்ரவரி 1650.

இனி இறக்கிய பக்கம். மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பக்கத்தின் மேல் பாதியில் வேறு யாரோ ஒருவரின் உயில் ஓடிக்கொண்டிருக்கும். இடது ஓரத்தில் பெயரைத் தேடி, அங்கிருந்து படிக்க வேண்டும். நிறுத்தக்குறி கிடையாது, பத்தி கிடையாது. கண்ணுக்குப் பிடிமானம் ‘ஐட்டம்’ என்ற சொல். ஒவ்வொரு புதிய கொடையும் அதில்தான் தொடங்கும், பெரும்பாலும் எழுத்தும் சற்றுத் தடித்திருக்கும். தொடக்கத்தில் வரும் கடவுள் பெயரும் ஆன்மாவை ஒப்படைக்கும் வாசகமும் எழுதிக்கொடுத்தவரின் வார்ப்பு. அதைக் கொண்டு அந்தக் குடியானவரின் சமய நம்பிக்கையை எடைபோடுவது வீண் வேலை.

எண்கள்தான் புதியவர்களைக் கவிழ்க்கும். தொகைகள் ரோமன் சிற்றெழுத்தில் இருக்கும். கடைசி ‘ஐ’க்கு வால் நீட்டி ‘ஜே’ ஆக்கியிருப்பார்கள். ‘எக்ஸ் ஐ ஐ ஜே’ என்றால் 13. ‘ஐ ஐ ஐ ஜே’ போட்டு அதன் தலைக்கு மேல் சிறிதாக இரண்டு ‘எக்ஸ்’ இருந்தால் நான்கு இருபது, அதாவது 80. 24 என்று படித்தால் குடும்பத்தின் சொத்தே மாறிப்போகும். தொகைக்குப் பின் ‘எல் ஐ’ வந்தால் பவுண்ட், ‘எஸ்’ ஷில்லிங், ‘டி’ பென்னி. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். 13 ஷில்லிங் 4 பென்னி, 6 ஷில்லிங் 8 பென்னி என்ற விசித்திரத் தொகைகள் திரும்பத் திரும்ப வரும். பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கும் மூன்றில் ஒரு பங்கும் அவை. எனவே சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள்.

1733 மார்ச் வரை உயிலின் கடைசி நாலைந்து வரிகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். ஆங்கிலம் முடிந்துவிட்டது என்று மூடிவைக்காதீர்கள். யார் சத்தியம் செய்து பொறுப்பேற்றார், அவர் விதவையா மகனா என்பது அங்கேதான் இருக்கிறது. இருவரை நியமித்திருந்து ஒருவர் மட்டும் வந்திருந்தால் மற்றவர் அதற்குள் இறந்திருக்கவும் கூடும். ஓரத்தில் பிற்காலக் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தால் அதையும் விடக் கூடாது: முதல் நிறைவேற்றுநர் வேலையை முடிக்காமலே இறந்து, வேறொருவருக்கு நிர்வாகம் போன செய்தியாக இருக்கலாம்.

உறவு முறைகளை இன்றைய பொருளில் எடுக்கக் கூடாது. பழைய உயிலில் ‘சன் இன் லா’ மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம். ‘கசின்’ அண்ணன் மகன்வரை எதற்கும் பொருந்தும். ‘பிரதர்’ மைத்துனராக இருப்பது சகஜம்.

மூத்த மகன் பெயரே இல்லையா? கோபத்தில் ஒதுக்கினார் என்று உடனே கதை கட்டுகிறவர்கள் அதிகம். நிலம் ஏற்கனவே அவன் கைக்குப் போயிருக்கும், அல்லது காப்பிஹோல்ட் நிலமாக (மேனர் எனப்பட்ட பிரபுவின் பண்ணைக்கு உட்பட்ட நிலம்) இருந்து மேனர் நீதிமன்றத்தின் வழியே இறங்கியிருக்கும். 1815க்கு முன், அந்த நிலத்தை உயிலின் பயனுக்கென்று மேனர் நீதிமன்றத்தில் முதலில் ஒப்படைத்தால்தான் பொதுவாக உயிலில் எழுத முடியும். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது மேனர் சுருள்கள், அதாவது அந்த நீதிமன்றத்தின் பதிவேடுகள். ஒரு ஷில்லிங் கொடை பெற்ற மகளும் அப்படியே: அவள் பங்கு கல்யாணத்தின்போதே போயிருக்கும் வாய்ப்பே அதிகம். கணவனோடு வாழ்ந்த மனைவி, கணவன் சம்மதமின்றி உயில் எழுதும் உரிமை 1883 ஜனவரி வரை பெரும்பாலும் இல்லாததால், பெண்களின் உயில் என்று கிடைப்பவை விதவைகளுடையதும் மணமாகாதவர்களுடையதும்தான். ஆனால் அண்ணன் பிள்ளை, அவர்களின் பிள்ளை என்று பெயர்களை அள்ளிக் கொட்டுவதில் மணமாகாத அத்தைமாரின் உயிலுக்கு ஈடில்லை. நேர் வம்சம் இல்லை என்று தள்ளாதீர்கள்.

தளத்தில் இறக்குவது மூல உயில் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். நீதிமன்ற எழுத்தர் பதிவேட்டில் பெயர்த்து எழுதிய படி அது. கையெழுத்தோ கைநாட்டோ எழுதியவருடையது அல்ல. அடித்தல் திருத்தலும் தெரியாது. ஷேக்ஸ்பியரின் மூல உயிலில், மனைவிக்கு இரண்டாம் தரக் கட்டிலைக் கொடுக்கும் அந்தப் பேர்போன வரி பிற்பாடு வரிகளுக்கிடையே செருகப்பட்டது. பதிவேட்டுப் படியில் அது மற்ற வரிகளோடு வரியாக ஓடிவிடும். கேன்டர்பரி நீதிமன்றத்தின் மூலங்கள் ‘புரோப் 10’ தொடரில் இருக்கின்றன; அவற்றை முன்கூட்டியே கேட்டு வைத்துக் கியூவுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கவுன்டி காப்பகங்கள் பலவற்றில் மூலமே கிடைக்கும், அதோடு சொத்துப் பட்டியலும் சேர்த்துக் கட்டியிருக்கும். அண்டை வீட்டார் சிலர் வந்து பணப்பையும் உடுதுணியும் முதலில், பிறகு அறை அறையாக, கடைசியில் களஞ்சியம், மாடு, நிற்கும் பயிர் என்று விலை போட்ட தாள் அது. கிராமத்து வாழ்வைக் கண்முன் நிறுத்துவதில் உயிலைவிட அது மேல். கேன்டர்பரியில் 1660க்கு முந்தைய பட்டியல்கள் மிகக் குறைவாகவே மிஞ்சின. இந்த ஒரு விஷயத்தில் கவுன்டி காப்பகங்கள் கியூவை எளிதாக முந்துகின்றன.

டெவன், சாமர்செட் குடும்பம் என்றால் நிலைமை வேறு. உள்ளூர் உயில்கள் எக்ஸெட்டரில் வைக்கப்பட்டிருந்தபோது 1942 மே குண்டுவீச்சில் எரிந்துபோயின. இவர்களுக்குக் கியூ இரண்டாம் வாசல் அல்ல, முதல் வாசல். 1812 முதல் 1857 வரை வரித்துறைக்காக எடுத்த படிகள் மட்டும் தப்பின. அவை அந்தந்தக் கவுன்டி காப்பகங்களில் இருக்கின்றன.

எந்த நீதிமன்றம் என்றே புலப்படாதபோது அதே தளத்தில் அதிகம் பேர் தொடாத இன்னொரு தொடர் கைகொடுக்கும்: ‘ஐஆர் 26’, மரணவரிப் பதிவேடு. 1796 முதல் 1811 வரை, கேன்டர்பரி அல்லாத மற்றத் திருச்சபை நீதிமன்றங்களுக்கான பகுதி தரவிறக்கத்துக்கு இருக்கிறது. எந்த நீதிமன்றம் புரொபேட் கொடுத்தது என்பது அதில் நேரடியாக எழுதியிருக்கும், பங்கு பெற்றவர் இறந்தவருக்கு என்ன உறவு என்பதும் பல பதிவுகளில் உண்டு.

1858 ஜனவரிக்குப் பின் இறந்தவர்களுக்கு இந்தத் தளம் வேண்டாம். அரசின் புரொபேட் தேடல் தளத்தில் ஆண்டுக் காலண்டர் (புரொபேட் கிடைத்தவர்களின் ஆண்டுப் பட்டியல்) இருக்கிறது. படிக்குக் கட்டணம் உண்டு, அது மாறிக்கொண்டிருப்பதால் அன்றைய தொகையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். காலண்டர் புரொபேட் கிடைத்த ஆண்டின்படி அடுக்கப்பட்டது. இறந்த ஆண்டில் பெயர் இல்லையென்றால் அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளையும் புரட்டுங்கள். 1870 வரை, உயில் இல்லாமல் இறந்தவர்களுக்கான நிர்வாக ஆணைகள் அதே ஆண்டில் தனிப் பகுதியாக வருகின்றன.