மாடு, மாட்டை, மாட்டுக்கு: பண்ணையை வைத்து இலக்கணமும் வாசிப்பும் கற்பிக்க எந்த வழி?

ஆடு, மாடு, கோழி, வாத்து என்று பத்துச் சொல்லட்டைகளைத் தடையில்லாமல் படிக்கும் ஆறு வயதுக் குழந்தை, கதையில் 'மாட்டைக் கட்டினார்' என்ற வரி வந்ததும் நின்றுவிடுகிறது. அட்டையில் பார்த்தது 'மாடு'. பக்கத்தில் இருப்பது 'மாட்டை'. டு போய் ட்டை வந்துவிட்டால் அந்தக் கண்ணுக்கு அது வேறு சொல். தமிழில் இலக்கண வேலையில் பெரும்பகுதி சொல்லின் வாலில்தான் நடக்கிறது. அதனால் பண்ணைக் கருப்பொருளில் எந்தப் பாடப்பொருளைக் கையில் எடுத்தாலும், வால் மாறுவதை அது குழந்தைக்குக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கண்ணோட்டத்தில் நான்கு வழிகளை இங்கே எடைபோடுகிறோம்: தரையில் விரிக்கும் பொம்மைப் பண்ணை, சேர்ந்து வாசிக்கும் படக்கதை, பயிற்சித்தாள், திரைச் செயலி. 5 முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது இது.

பண்ணை ஏன் இவ்வளவு தோது

பத்துப் பன்னிரண்டு பண்ணைச் சொற்களுக்குள்ளேயே தமிழ்ப் பெயர்ச்சொற்கள் ஐ, கு, இல் போன்ற வேற்றுமை உருபுகளை ஏற்கும் முக்கியமான முறைகள் எல்லாம் வந்துவிடுகின்றன. சேவல், வயல் நேராக ஒட்டும்: சேவலை, வயலை. வாத்து, கன்று, எருது கடைசி உகரத்தை விட்டு ஒட்டும்: வாத்தை, கன்றை, எருதை. கோழி, குதிரைக்கு நடுவில் ய் வரும். பசுவுக்கு வ் வரும். ஆடு, மாடு, கயிறு இரட்டிக்கும்: ஆட்டை, மாட்டை, கயிற்றை. மரம், குளம், தொழுவம் என்பவற்றில் ம் போய்த் த்து வரும். நெல், புல், மண் கடைசி மெய்யெழுத்தை இரட்டித்துக்கொள்ளும்: நெல்லை, புல்லை, மண்ணை.

கடல், வானம், வண்டி வாகனம் போன்ற கருப்பொருள்களில் இத்தனையும் இவ்வளவு சின்னச் சொற்களில் கிடைப்பது கடினம். போதாததற்கு உழவர் ஒருவரை நிறுத்திவிட்டால் உயர்திணை, அஃறிணை என்ற திணை வேறுபாடும் வந்துவிடுகிறது: உழவர் வந்தார், மாடு வந்தது.

தரைப் பண்ணை

ஒரு மீட்டர் சதுரத் துணி. அதில் தொழுவம், வயல், குளம், மரம் என நான்கு இடங்கள். பொம்மைகள் பன்னிரண்டு போதும்: ஆடு 3, கோழி 3, பசு 2, வாத்து 2, நாய் 1, உழவர் 1. வகைக்கு ஒன்று மட்டும் வைத்தால் பன்மை பேச வழியே இருக்காது. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்.

இதன் உயிர் பொம்மையில் இல்லை, கூடவே செய்யும் மடிப்பு அட்டையில் இருக்கிறது. 20 செ.மீ. நீளம், 6 செ.மீ. உயரமுள்ள அட்டையில் இடப்பாதியில் 'மா', வலப்பாதியில் 'டு' என்று 3 செ.மீ. உயர எழுத்தில் எழுதுங்கள். வலது ஓரத்தில் 10 செ.மீ. துண்டு ஒன்றை ஒட்டுநாடாவால் கீல்போல ஒட்டுங்கள். துண்டை மடித்தால் டு மறைந்து 'ட்டை' தெரிய வேண்டும். இப்போது அட்டை 'மாட்டை' என்று படிக்கிறது. அதே கீலில் இன்னொரு துண்டு ஒட்டி 'ட்டுக்கு' எழுதலாம். மரத்துக்கு 'மர' நிற்கும், ம் மறையும், 'த்தை' வரும். கோழியில் எதுவும் மறையாது. அதனால் அங்கே துண்டு வெளிப்பக்கம் திறந்து 'யை' மட்டும் சேர வேண்டும். எது மறைகிறது, எது சேர்கிறது என்பதைக் குழந்தை விரலாலேயே தெரிந்துகொள்கிறது. மாறாக, 'ஐ' என்று தனி அட்டை எழுதி 'மாடு' பக்கத்தில் வைத்தால் குழந்தை 'மாடுஐ' என்றுதான் படிக்கும். கூட்டல் குறி போட்டுப் புணர்ச்சி (சொல்லும் உருபும் சேரும்போது வரும் மாற்றம்) சொல்வது ஒன்பது, பத்து வயதுக்குரிய வேலை.

அட்டை பழகியதும் கட்டளைத் துண்டுகள். 'ஆட்டை மரத்தடியில் நிறுத்து.' 'கோழியைத் தொழுவத்தில் விடு.' ஒரு குழந்தை மனத்துக்குள் படித்துச் செய்ய வேண்டும், மற்றவர்கள் துண்டைப் படித்துச் சரிபார்க்க வேண்டும். ஆசிரியர் உரக்கப் படித்துக் காட்டிவிட்டால் அது கேட்டுச் செய்யும் விளையாட்டு ஆகிவிடும், வாசிப்பு நடக்காது. பசுவைத் தொழுவத்திலும் வாத்தைக் குளத்திலும் மட்டும் வைக்கச் சொன்னாலும் இதே கதிதான். முதல் எழுத்தைப் பார்த்தே ஊகித்துவிடுவார்கள். 'பசுவைக் குளத்தில் நிறுத்து', 'வாத்தை வயலில் விடு' என்று இடத்தை மாற்றிக் கொடுங்கள். அப்போதுதான் கடைசி எழுத்துவரை கண் போகும். இடத்தைக் காட்டும் ஏழாம் வேற்றுமைக்கு 'கண்' என்ற பழைய உருபு இந்த வயதில் வேண்டாம், 'இல்' போதும்.

'பசுவைக் குளத்தில்' என்பதிலுள்ள க் போன்ற ஒற்றுகளைச் சரியாக அச்சிடுங்கள், விளக்காதீர்கள். சரியான வடிவத்தைக் கண் பலமுறை பார்த்திருந்தால் பின்னால் விதி சொல்லும்போது உடனே பிடிபடும்.

குறை என்றால் ஆள் கணக்கு. ஆறு பேருக்கு 15 நிமிடம் அருமையாகப் போகும். எட்டுக்கு மேல் போனால் காத்திருப்பும் சண்டையும்தான்.

படக்கதை

முப்பது பேர் வகுப்பை ஒரே நேரத்தில் இழுத்துப் பிடிக்கக்கூடியது இதுதான். தரைப் பண்ணை தராத ஒன்றையும் தருகிறது: வரியின் ஓட்டம். கட்டளைத் துண்டுகளை எத்தனை படித்தாலும் அவை தனித்தனி வரிகள். ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்ததற்குப் பொருளைத் தூக்கிக்கொண்டு போகும் பழக்கம் கதையில்தான் வரும்.

தேர்ந்தெடுக்கும்போது 12 முதல் 16 பக்கம், பக்கத்துக்கு ஓரிரு வரி, வரிக்கு ஆறு சொல்லுக்கு மிகாமல் பாருங்கள். ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வந்து பெயர் மட்டும் மாறும் கதை மிகச் சிறந்தது. 'பசுவைக் காணோம். கோழியைக் காணோம். ஆட்டைக் காணோம். வாத்தைக் காணோம்.' நான்கு வரிகளில் நான்கு விதமான வால், யாரும் இலக்கணம் என்று சொல்லாமலே.

புத்தகத்தைப் புரட்டும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, வரி முறியும் இடம். தமிழ் அச்சில் சொல்லை எங்கு வேண்டுமானாலும் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது சாதாரணம், இணைப்புக்கோடும் இருக்காது. 'தொழுவத்' ஒரு வரியிலும் 'தில்' அடுத்த வரியிலும் நின்றால் புதிதாகப் படிக்கும் குழந்தைக்கு அது இரண்டு சொல். இன்னொன்று, பேசும் விலங்குகளின் வினைமுற்று. 'நரியார் வந்தார்' என்று ஒரு பக்கம், 'நரி ஓடியது' என்று மறுபக்கம் இருந்தால் அப்போதுதான் பிடிபட்ட திணை குழம்பிவிடும். உவப்பினால் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பதை நம் இலக்கணம் திணை வழுவமைதி (பிழையாக இருந்தும் காரணம் கருதி ஏற்பது) என்று ஏற்றுக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் வழுவமைதியின் அழகு விதி பழகியவர்களுக்குத்தான் தெரியும். முதல் ஆண்டில் 'சொன்னது', 'ஓடியது' என்று சீராக வரும் கதையே நல்லது.

வாசிப்பு மூன்று முறை. முதல் முறை ஆசிரியர் வரிக்குக் கீழே விரலை நகர்த்தி முழுவதும் படிக்கிறார். இரண்டாம் முறை திரும்பி வரும் பகுதியில் எல்லாரும் சேர்கிறார்கள். மூன்றாம் முறை பெயரின் கடைசிப் பகுதியை மட்டும் காகிதத் துண்டால் மூடி, அடியில் என்ன இருக்கும் என்று கேட்டுவிட்டுத் திறக்க வேண்டும். இதை விட்டால் கதை மனப்பாடம் ஆகிவிடும். வாய் ஒரு வரியிலும் விரல் வேறு வரியிலும் இருப்பதைப் பார்த்தால் அது நடந்துவிட்டது என்று பொருள். படத்தை மறைத்து, வரிசை மாற்றி ஒரு வரியைக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

கூட்டுச்சொல்லுக்கும் கதையே சிறந்த இடம். 'கோழி குஞ்சு பொரித்தது', 'கோழிக்குஞ்சு ஓடியது' இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் வையுங்கள். முதலாவதில் பொரித்தது தாய்க்கோழி, இரண்டாவதில் ஓடியது குஞ்சு. நடுவில் ஒரு க் செய்யும் வேலையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பயிற்சித்தாள்

எளிதில் கிடைப்பதும் அதிகம் கெடுப்பதும் இதுதான். 'கள் சேர்த்து எழுதுக' என்று பத்துச் சொல் கொடுத்தால் மூன்றாவதற்குப் பிறகு குழந்தை படிப்பதில்லை, கள் ஒட்டிக்கொண்டே போகிறது. விளைவு 'மரம்கள்', 'புல்கள்'. ஏற்கெனவே மாட்டை, மாட்டுக்கு பழகியவர்கள் 'மாட்டுகள்' என்றும் எழுதுவார்கள். உருபு வரும்போது இரட்டிப்பது கள் வரும்போது இரட்டிப்பதில்லை என்பது தனியாகக் காட்ட வேண்டிய செய்தி. தாளுக்கு ஆறு சொல், இரண்டு வகை மட்டும்: ஆடுகள், மாடுகள், கோழிகள் ஒரு பக்கம், மரங்கள், குளங்கள், பழங்கள் மறுபக்கம். புற்கள், பசுக்கள் அடுத்த வாரம். வாத்து வேண்டாம். வாத்துகள், வாத்துக்கள் என இரண்டும் அச்சில் வருவதால் குழந்தைக்கு வீண் குழப்பம்.

'மூன்று மாடு' என்று எழுதியதைத் தவறு என்று அடிக்கும் தாள்களும் உண்டு. அஃறிணைப் பெயர் கள் இல்லாமலே பன்மைக்கும் நிற்கும். எண்ணைக் காட்டுவது வினைமுற்று: மாடு மேய்ந்தது, மாடு மேய்ந்தன. பேச்சில் 'மாடுங்க மேயுது' என்றே பழகிய குழந்தைக்கு இந்த '-அன' முற்றிலும் புதிது, ஆகவே உழைப்பு அங்கே போகட்டும். எதிர்காலத்தை இந்தப் பயிற்சியில் கலக்காதீர்கள். 'மேயும்' ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றே.

ஒரே ஒரு வகைத் தாளை மனமார ஆதரிக்கலாம். இரண்டு படங்கள்: பசு கன்றை நக்குவது, கன்று பசுவை நக்குவது. கீழே மூன்று வாக்கியங்கள்: 'பசு கன்றை நக்கியது', 'கன்று பசுவை நக்கியது', 'கன்றைப் பசு நக்கியது'. எந்த வாக்கியம் எந்தப் படத்துக்கு? சொல் வரிசையை நம்பினால் மூன்றாவதில் ஏமாந்துவிடுவோம், ஐ-யை நம்பினால்தான் தப்பலாம்.

திரைச் செயலி

தொட்டால் ஒலிப்பது, எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் திரும்பச் சொல்வது ஆகியவை எழுத்தும் ஒலியும் பொருந்தும் நிலைக்கு நல்ல துணை. ல, ள, ழ வேறுபாட்டைப் புல், தாள், கோழி என்று தனியே கேட்டுப் பழக இது உதவும். ஆனால் படத்தோடு சொல்லைப் பொருத்தும் விளையாட்டு மட்டுமே இருந்தால் நாம் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம்: 'மாடு' தெரியும், 'மாட்டை' தெரியாது. முழு வாக்கியம் இருக்கிறதா, ஒலிக்கும்போது சொல்லுக்குச் சொல் நிறம் நகர்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மரபுச்சொற்கள்

பசுவின் கன்று, ஆட்டின் குட்டி, கோழியின் குஞ்சு. நாய் குரைக்கும், சேவல் கூவும், குதிரை கனைக்கும். தொல்காப்பியத்தின் மரபியல் தொடங்குவதே ஒன்பது இளமைப் பெயர்களோடுதான், அவ்வளவு பழைய செல்வம் இது. இதற்கு அட்டையும் தாளும் தேவையில்லை. பாட்டிலும் வாய்ப்பேச்சிலும் நடக்கட்டும். வேற்றுமை பழகும் அதே 15 நிமிடத்தில் இதையும் திணித்தால் இரண்டும் கெடும்.

யாருக்கு எது

வீட்டில் தமிழ் பேசும் குழந்தையின் வாயில் 'மாட்ட', 'மாட்டுக்கு', 'மரத்துல' எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. தெரியாதது அதன் அச்சு வடிவம் மட்டும். அவர்களுக்குப் படக்கதையே முதன்மை. 'மாட்ட' என்று படித்தால் திருத்திக்கொண்டிருக்காமல், ஐ-யின் மேல் விரலை வைத்து மெதுவாக ஒருமுறை சொன்னால் போதும். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை 'மாடுக்கு', 'மரம்ல' என்றுதான் தொடங்கும். வாயிலேயே இல்லாததைப் பக்கத்தில் தேட முடியாது. அவர்களுக்கு இரண்டு வாரமாவது தரைப் பண்ணை, பிறகு கதை.

ஆசிரியர் ஒருவர், குழந்தைகள் முப்பது பேர் என்றால் கதையை எல்லாருக்கும் சேர்த்து வாசித்துவிட்டு, நாளுக்கு ஒரு குழுவாக ஆறு பேரைத் துணியில் உட்கார வையுங்கள். ஐந்து நாளில் ஒரு சுற்று முடியும். மற்றவர்கள் அந்த நேரத்தில் கதையை இருவர் இருவராகப் படிக்கலாம். பயிற்சித்தாள் மூன்றாம் வாரம். அதில் பசு, கன்று தாளைக் கொடுக்கும்போது 'கன்றைப் பசு நக்கியது' என்பதற்குத் தவறான படத்தைக் காட்டும் குழந்தைக்கு இன்னொரு தாள் கொடுக்காதீர்கள். மடிப்பு அட்டையைத் திரும்ப எடுத்து, 'கன்று' துண்டை அவர்கள் கையாலேயே மடித்து 'கன்றை' ஆக்கச் சொல்லுங்கள், பிறகு அதே வாக்கியத்தைப் படிக்கட்டும்.