வளிமண்டல சார்ட்: சிவப்புக் கோடு அருமை, ஓசோன் ஓட்டை சொதப்பல்

ஐந்தாவது படிக்கும் மகளுக்காக வாங்கிய வளிமண்டல அடுக்குகள் சார்ட், அவள் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மூன்று மாதமாகத் தொங்குகிறது. லேமினேஷன் கெட்டி, ஓரம் இன்னும் சுருளவில்லை. ஆனால் ட்யூப்லைட் போட்டால் மேல்பாதி பளபளத்து எழுத்து தெரியாது. இடையடுக்கைப் படிக்கத் தலையைச் சாய்க்க வேண்டும்.

வாங்கியதற்கு நியாயம் செய்வது வலது ஓரத்துச் சிவப்பு வெப்பநிலைக் கோடுதான். கீழடுக்கில் மேலே போகப் போகக் குளிர்கிறது. சுமார் 12 கிலோமீட்டருக்கு மேல், மீள் அடுக்கில், கோடு அப்படியே திரும்பிச் சூட்டை நோக்கி வளைகிறது. 50 கிலோமீட்டருக்கு மேல், இடையடுக்கில், மறுபடி குளிர், 85-ஐத் தாண்டினால் மறுபடி சூடு. மீள் அடுக்கு சூடேறுவதற்குக் காரணம், அங்குள்ள ஓசோன் புற ஊதாக் கதிரை விழுங்குவது. அந்த வளைவுக்குப் பக்கத்திலேயே இதை ஒரு வரியில் எழுதியிருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் நான் மனப்பாடம் செய்தது இப்போதுதான் புரிந்தது.

சொதப்பல் ஓசோன் படத்தில். தடித்த நீலச் சுவர், அண்டார்டிகாவுக்கு மேலே டயர் பஞ்சர் மாதிரி ஒரு கறுப்பு ஓட்டை. இரண்டாம் நாளே கேள்வி வந்தது: "அப்பா, அது வழியா காத்தெல்லாம் வெளியே போயிடாதா?"

ஸ்கேலை எடுத்தேன். தலைக்கு மேலிருக்கும் ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக் காற்றழுத்தத்தில் அமுக்கினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வரும்; ஓசோனை அளக்கும் கணக்கில் அதுதான் 300 டாப்சன் அலகு. 220-க்குக் கீழே இறங்கினால் அதை 'ஓட்டை' என்கிறார்கள். ஸ்கேலில் மூன்று கோட்டையும், இரண்டைக் கொஞ்சம் தாண்டிய இடத்தையும் காட்டினேன். "அப்ப ஓட்டையே இல்லப்பா, மெலிசாயிருக்கு."

ஓசோனை அழிக்கும் குளோரோபுளூரோகார்பன் வாயு, அதைக் கட்டுப்படுத்த வந்த 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை எல்லாம் இருக்கிறது, சரி. ஆனால் ஓட்டை ஏன் அண்டார்டிகாவில் என்பதற்கு ஒரு வார்த்தை இல்லை. குளிர்காலத்தில் அங்கே மீள் அடுக்கு மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே போய் மேகங்கள் உருவாகும். அவற்றின் பரப்பில், அந்த வாயுவிலிருந்து வந்த குளோரின் தயாராகி, வசந்தத்தில் வெயில் வந்ததும் ஓசோனை உடைக்கத் தொடங்கும். சுவாரசியமான பகுதியே அதுதானே! அந்த இடத்தில் ஒரு ராக்கெட் படம் போட்டிருக்கிறார்கள்.

விளக்கு வெளிச்சம் நேரே படாத சுவர் இருந்தால் வாங்கலாம். எங்கள் சார்ட்டில் கறுப்பு ஓட்டையின் மேல் இப்போது ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் பென்சிலில் "மெலிசு".