எட்டுப் பேர் கை வைக்கும் இணையதளத்துக்கு எந்த மென்பொருள்?

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் இடையில் எங்கள் அறக்கட்டளை நடத்தும் இரண்டு பள்ளிகளுக்கும் சேர்த்து ஓர் இணையதளம் இருக்கிறது. சுற்றறிக்கை, தேர்வு அட்டவணை, பேருந்து வழித்தட மாற்றம், விளையாட்டு விழாப் படங்கள் ஆகியவற்றை அதில் ஏற்றும் பொறுப்பு எட்டுப் பேரிடம் உள்ளது. முன்பு அதை டிரீம்வீவர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைத்துக் கொடுத்தவர் கடவுச்சொல்லைத் தம்மிடமே வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரி மாற்றத்துக்கும் தனியாகப் பணம் கேட்டதால், ஒரு முறை தீபாவளி விடுமுறை அறிவிப்பு பொங்கல் வரையில் முகப்பிலேயே நின்றது. அதன் பிறகுதான், பணியாளர்கள் தாங்களே திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் வேலை நிர்வாக அலுவலரான என்னிடம் வந்தது.

எட்டுப் பேரும் எட்டு விதமானவர்கள். அலுவலக எழுத்தர் தமிழ்த் தட்டச்சில் உயர்நிலை தேறியவர். விசைப்பலகையைப் பார்க்காமல் அடிப்பார், ஆனால் திரையில் புதிதாக ஒரு பொத்தான் தெரிந்தால் கையை எடுத்துவிடுவார். உடற்கல்வி ஆசிரியருக்கு எல்லாமே கைப்பேசிதான். நூலகர் வேர்டில் கெட்டிக்காரர். கணினி ஆசிரியர் இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல். நன்கு அறிந்தவர், எதையும் மாற்றிப் பார்க்காமல் இருக்க மாட்டார். எதுவாயினும் தம் பார்வைக்கு வந்த பிறகே வெளியாக வேண்டும் என்பது முதல்வரின் நிபந்தனை. எனவே தேர்வு அட்டவணை ஒன்றை ஏற்றுவது, அதில் ஒரு தேதியைத் திருத்துவது, திருத்தியதைப் பழையபடி மீட்பது என்ற ஒரே வேலையை ஒவ்வொரு மென்பொருளிலும் அனைவருக்கும் கொடுத்துப் பார்த்தேன்.

கூகுளின் தளம் அமைக்கும் சேவையான கூகுள் சைட்ஸில் யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே எழுத்தர் உட்பட எட்டுப் பேரும் முடித்துவிட்டனர். பழைய பதிப்புக்குத் திரும்புவதும் எளிது, செலவும் இல்லை. ஐந்தாறு பக்கங்களோடு நிற்கும் ஒரு மழலையர் பள்ளிக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் தேதி வரிசையில் தானாக அடுக்கிக்கொள்ளும் அறிவிப்புப் பகுதி அதில் இல்லாததால், ஒவ்வொரு சுற்றறிக்கையையும் கையால் மேலே வைத்துப் பழையதைக் கீழே தள்ள வேண்டியிருக்கிறது. ஓர் ஆண்டுச் சுற்றறிக்கைகள் சேர்ந்துவிட்டால் அந்தப் பக்கத்தைப் பராமரிப்பதே ஒருவருக்கு முழுநேர வேலையாகிவிடும். தளம் அமைத்துத் தரும் மற்றொரு சேவையான விக்ஸ் பார்வைக்கு அழகாக இருந்தாலும், பின்னாளில் தளத்தை அப்படியே பெயர்த்து வேறு வழங்கிக்கு (தளத்தின் கோப்புகள் இருக்கும் சர்வருக்கு) கொண்டுபோக முடியாது என்பதால் அதை விட்டுவிட்டோம். ஒருவரிடம் மாட்டிக்கொண்ட அனுபவமே எங்களுக்குப் போதும். அனுமதிகளை நுணுக்கமாகப் பிரித்துக் கொடுப்பதிலும், வரைவு, பரிசீலனை, வெளியீடு என்று படிப்படியாக நகர்த்துவதிலும் ட்ருபல் என்ற தள மேலாண்மை மென்பொருள் மற்ற எல்லாவற்றையும் விடச் சிறந்தது. ஆயினும் அதைக் கட்டி மேய்க்க நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும். அதன் 7ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரியில் முடிந்தபோது, அதில் தளம் வைத்திருந்தவர்களுக்குப் புதிய பதிப்புக்கு மாறுவது ஏறக்குறையத் தளத்தையே மறுபடி கட்டும் வேலையாக இருந்தது. எங்களைப் போன்ற நிறுவனத்துக்கு அது தாங்காது.

இறுதியில் அதே வகை மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தோம். 2003 முதல் இருந்துவரும், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள் என்பதும், ஈரோட்டிலும் கோவையிலும் அதில் வேலை தெரிந்தவர்கள் எளிதில் கிடைப்பார்கள் என்பதும் முதல் காரணங்கள். ஆனால் அதை நிறுவியவுடன் அப்படியே பணியாளர்களிடம் கொடுத்துவிடக் கூடாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் சிக்கல் பொறுப்புகளைப் பிரிப்பதில் வந்தது. எழுதி அனுப்பலாம், வெளியிட முடியாது என்ற நிலையில் உள்ளவரை வேர்ட்பிரஸ் 'கான்ட்ரிபியூட்டர்' என்கிறது. முதல்வரின் நிபந்தனைக்கு இது பொருந்துவதால் உடற்கல்வி ஆசிரியரை அதில் சேர்த்தோம். பிறகுதான் கான்ட்ரிபியூட்டருக்குப் படம் ஏற்றும் அனுமதியே கிடையாது என்பது தெரிந்தது. அடுத்த நிலையான 'ஆத்தர்' படம் ஏற்றலாம், ஆனால் யாரையும் கேட்காமல் வெளியிடவும் செய்யலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை ஒன்றை இத்தனை ஆண்டுகளாக ஏன் வைக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. அனுமதிகளை மாற்றித் தரும் ஒரு செருகுநிரலை (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளகினை) போட்டுத்தான் சரிசெய்தோம். அதன் பிறகும் அவர் கைப்பேசியில் எடுத்த படங்கள் ஏறவில்லை, வழங்கியில் வேர்ட்பிரஸ் இயங்கும் நிரல்மொழியான பி.எச்.பி.யின் இயல்பு வரம்பான 2 எம்.பி. அப்படியே இருந்ததே காரணம். வரம்பை உயர்த்திய பின், 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படங்களை வேர்ட்பிரஸ் தானே சுருக்கிக் காட்டுகிறது. ஆனால் மூலப் படத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்வதால் வழங்கியில் இடம் வேகமாகக் குறைகிறது.

தமிழுக்கென்றே உள்ள தொல்லைகள் இரண்டு. எழுத்தரின் பழைய கோப்புகள் அனைத்தும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் இருப்பவை. அவற்றை அப்படியே ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். இதில் எந்த மென்பொருளையும் குறை சொல்ல முடியாது, ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றியே ஆக வேண்டும். அவர் பழகிய தட்டச்சு விசைமுறையிலேயே ஒருங்குறியில் அடிக்க என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள் உதவியதால், இந்த வயதில் புது விசைமுறை கற்க வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. மற்றொன்று முகவரி பற்றியது. தலைப்பைத் தமிழில் எழுதினால் பக்கத்தின் முகவரியும் தமிழிலேயே உருவாகிறது. உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது குறிகளாக விரிவதாலும் மொத்த இடம் 200 குறிகள் மட்டுமே என்பதாலும் முகவரி பாதியில் அறுபட்டுவிடுகிறது. வாட்ஸப்பில் அதைப் பெற்ற ஒரு பெற்றோர், "இது ஏதோ வைரஸ் மாதிரி இருக்குதுங்களே" என்று தொலைபேசியில் கேட்டார். இப்போது முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக இடுவது எங்கள் விதி.

2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 பதிப்போடு வந்த, பத்தி, படம், அட்டவணை ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியாக வைக்கும் தொகுதி முறைத் திருத்தி (பிளாக் எடிட்டர்) நூலகருக்கும் கணினி ஆசிரியருக்கும் மிகவும் பிடித்திருக்கிறது. வேர்டிலிருந்து ஒட்டினாலும் அட்டவணை குலையாமல் வருகிறது. முகப்பின் முக்கியப் பகுதிகளைப் பூட்டி வைத்துவிட்டதால் தவறுதலாக நகர்த்திவிடும் அச்சமும் இல்லை. ஆனால் எழுத்தர் அதை இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பழைய மாதிரி ஒரே காகிதமாக் குடுத்துருங்க சார், இது பொட்டி பொட்டியாப் பிரியுதுங்க" என்றார். 'கிளாசிக் எடிட்டர்' என்ற செருகுநிரலில் அவரவர்க்கு வேண்டிய திருத்தியை அவரவரே தேர்ந்துகொள்ளும் வசதி உண்டு என்பதால் அவருக்குப் பழையதையே கொடுத்தோம். ஒருவர் தொகுதி முறையில் அமைத்த பக்கத்தை மற்றவர் பழைய திருத்தியில் திறந்து சேமித்தால் அமைப்பு குலையக்கூடும். ஆகவே சுற்றறிக்கைகள் அவருக்கு மட்டும், மற்றப் பக்கங்கள் பிறருக்கு என்று பிரித்துவிட்டோம்.

திருத்தங்களை மீட்பதில் வேர்ட்பிரஸ் நம்பகமானது. எழுத்தில் செய்த எந்தத் தவறையும் பழைய பதிவிலிருந்து எடுத்துவிடலாம். படங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கணினி ஆசிரியர் இடம் மிச்சப்படுத்துவதற்காக ஊடகத் தொகுப்பிலிருந்து நீக்கிய ஆண்டு விழாப் படங்கள் குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாமல் நிரந்தரமாகவே அழிந்தன. அன்றிலிருந்து நிர்வாகிக் கணக்கு என்னிடமும் முதல்வரிடமும் மட்டுமே உள்ளது. வாரந்தோறும் சனிக்கிழமை மாலை முழுத் தளத்தின் நகலையும் எடுத்து அலுவலக அலமாரியில் உள்ள வன்தட்டில் சேமிக்கிறோம்.