மரத்தில் ஏறும் கொடியா, கம்பியில் படரும் கொடியா?

இத்தாலியில் நேப்பிள்ஸுக்கு வடக்கே அவெர்சா பக்கம் அஸ்பிரினியோ திராட்சைக் கொடியை இன்னும் சிலர் பாப்ளர் மரங்களில்தான் ஏற்றிவிடுகிறார்கள், 15 மீட்டர் வரைகூடப் போகும். அறுவடைக்கு ஒடுக்கமான நெட்டை ஏணியில் ஏறி, படியில் முழங்காலை முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் குலையை வெட்டிக் கூடையில் போட்டுக் கயிற்றில் இறக்க வேண்டும். கூடையின் அடி கூராக இருப்பதால் மண்ணில் குத்தி நிற்கும்.

கம்பி வரிசையில் இந்த வம்பே இல்லை. தரையில் நின்றே பறிக்கலாம், கூலியும் மிச்சம்.

சரி, சுவை? உயரத்தில் எல்லாக் குலையும் ஒரே சீராகப் பழுக்காது, புளிப்பு தூக்கலாகவே நிற்கும், நுரைக்கும் வைனுக்கு அதுதானே வேண்டும்! 1993இல் வந்த அவெர்சா டிஓசி (அந்த ஊர்ப் பெயரில் வைன் விற்பதற்கான இத்தாலியத் தரச்சான்று) விதிகளும் மரக்கொடி முறைக்குத் தனி இடம் தருகின்றன. பிழைப்புக்குக் கம்பிதான், குடிக்க என்றால் நான் மரத்துப் பக்கம், விலை கொஞ்சம் கூடினாலும்.