550 சதுர அடி வீட்டுக்கு எந்த சப்?

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். போருக்குப் பின் இந்திய உதவியில் இலங்கையின் வடக்கில் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய எங்கள் வீடு போன்ற ஓட்டு வீட்டுக்கு 12 அங்குல சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலியை (பேஸ்) மட்டும் எழுப்பும் ஸ்பீக்கர் பெட்டி, வேண்டாம். 10 அங்குலம் தாராளம். மிச்சக் காசை, ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர் ஒழுங்கானதாக வாங்கப் போடுங்கள்.

எங்களிடம் இருப்பது க்ளிப்ஷ் கம்பனியின் 10 அங்குல ஆர்-100எஸ்டபிள்யூ. லண்டனில் இருக்கும் சித்தப்பாவின் மகன் கப்பலில் பெட்டி அனுப்பும்போது, பாவித்த சப் இரண்டு நல்ல விலைக்கு வந்திருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டான். ஒன்று இது. மற்றது இதன் அண்ணன், 12 அங்குல ஆர்-120எஸ்டபிள்யூ. என் வீட்டுக்காரர் யோசிக்காமலே பெரியது என்றார். நான் சின்னது என்றேன். சின்னது வந்தது. அந்த மனவருத்தம் இவருக்கு இன்னும் தீரவில்லை, விருந்தாளிகள் வந்தால் அவர்களிடமும் சொல்வார்.

என் பக்கத்து நியாயம் இதுதான். கம்பனி சொல்லும் கணக்கில் சின்னது 32 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்ற எண், குறையக் குறைய ஒலி ஆழமாகும்) வரை இறங்கும், தொடர்ச்சியாக 150 வாட். பெரியது 29 ஹேர்ட்ஸ், 200 வாட். ஆழத்தில் வித்தியாசம் 3 ஹேர்ட்ஸ். 150 வாட்டுக்கும் 200 வாட்டுக்கும் இடையில் சத்தத்தில் வரும் வித்தியாசம் 1 டெசிபலைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. பெரிய கூம்பு கூடுதல் காற்றைத் தள்ளும் என்பது உண்மை. 12 அங்குலத்தின் பரப்பு 10 அங்குலத்தின் பரப்பைப் போல 1.44 மடங்கு. ஆனால் அந்தக் காற்றைத் தள்ளி எங்கே வைப்பது? எங்கள் ஹோல் 14 அடிக்கு 10 அடி.

லண்டன் பெட்டி வருவதற்கு முன் கிளிநொச்சி ரவுனிலும் பார்த்தோம். ஒரு கடையில் 5.1 செற் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்பும்) ஒன்று, அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் 12,000 வாட் பிஎம்பிஓ என்று போட்டிருந்தது. கடைத்தம்பி இவரைப் பார்த்து, "அண்ணை, இதைப் போட்டா ஓடு கழண்டு விழும்" என்றான். ஓடு கழன்று விழுவது எப்படி நல்ல விசயமாகும் என்று தெரியவில்லை, ஆனால் இவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் சப்பைத் திருப்பிப் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 60 வாட். சுவரிலிருந்து 60 வாட் எடுக்கிற பெட்டி 12,000 வாட்டை எங்கிருந்து தரும் என்று கேட்டேன். "ரீச்சர், அது வேற வாட், இது வேற வாட்" என்றான். ஒருவகையில் அவன் சொன்னது சரிதான். பிஎம்பிஓ என்பது கண்ணிமைக்கும் நேரம்கூட நிலைக்காத ஒரு உச்சத்தைக் கணக்கில் காட்டுவது, அதை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ச்சியாகத் தரும் வாட், எத்தனை என்று கேளுங்கள். அதையும் நம்பாவிட்டால் ஸ்டிக்கரைப் பாருங்கள். சக்திக் காப்பு விதி கிளிநொச்சியிலும் அதேதான்.

இன்னொரு வழி, உள்ளூரில் அடித்துத் தரும் பெட்டி. ஓட்டோவுக்கும் லான்ட்மாஸ்டருக்கும் (இரு சில்லு உழவு இயந்திரம்) பூட்டுகிற பெட்டிதான், காருக்கான 12 அங்குல ஸ்பீக்கர், பிளைவூட், நீல நிற லைட். வெளியில், வெட்டையில் கேட்டால் நன்றாகவே இருக்கும். காசுக்கு மோசமில்லை. ஆனால் பெட்டியின் கன அளவையும் காற்றுத் துவாரத்தின் நீளத்தையும் கண்மட்டத்தில் வைத்து வெட்டுகிறார்கள். அதனால் எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுரத்தில்தான் உறுமும். கல்யாண வீட்டுக்கு அது போதும், வீட்டுக்குள் இரண்டாம் பாட்டிலேயே தலையிடி.

சின்னப் பெட்டி ஆழமாக இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாமல் இருக்க ஒரு கணக்கு போதும். உயர்தர வகுப்புக்கு நான் பௌதிகவியல் படிப்பிப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரே அளவு சத்தம் வேண்டுமென்றால், மீடிறன் (அந்த ஹேர்ட்ஸ் எண்) பாதியாகும் ஒவ்வொரு தடவையும் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின் ஓட வேண்டும். 80இலிருந்து 40க்கு 4 மடங்கு. 40இலிருந்து 20க்கு இன்னொரு 4. மொத்தம் 16 மடங்கு. ஐந்தரை அங்குல ஸ்பீக்கர் அவ்வளவு ஓடினால் கூம்பு கையோடு வந்துவிடும். ஆகவே உண்மையான 20 ஹேர்ட்ஸ் வேண்டுமென்றால் காசைக் கொட்டத்தான் வேண்டும். எஸ்விஎஸ் கம்பனியின் எஸ்பி-1000 ப்ரோ 12 அங்குலம், துவாரமில்லாத மூடிய பெட்டி, 325 வாட், 20 வரை இறங்கும். நல்ல சாமான். ஒரு ரீச்சரின் சம்பளத்துக்கு அது கனவு.

பாட்டுக்கு 20 தேவையுமில்லை. வழக்கமான நாலு கம்பி பேஸ் கிற்றாரின் ஆகத் தடித்த கம்பியே 41 ஹேர்ட்ஸில்தான் அதிர்கிறது. 32 வரை போகிற சப் நாங்கள் கேட்கும் பாட்டு முழுவதையும் பிடித்துவிடும். 20க்கும் 30க்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் படத்தில் வரும் வெடியும் இடியும்.

அந்த வெடி விசயத்தில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அம்மா எங்களோடுதான் இருக்கிறா. 2009இல் நாங்கள் எல்லோரும் எங்கே இருந்தோம் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பாட்டின் பேஸ் அவவுக்குப் பிரச்சினையில்லை, தலையாட்டிக் கேட்பா. தூரத்தில் குண்டு விழுவது போன்ற அந்த அடிவயிற்று அதிர்வு வந்தால் எழுந்து குசினிக்குப் போய்விடுவா. ஒன்றும் சொல்லமாட்டா. 3 ஹேர்ட்ஸ் ஆழம் கூடுதலாக வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றதில் இதுவும் ஒரு காரணம், இவருக்கும் தெரியும். அம்மா ஹோலில் இருக்கும்போது சண்டைப் படம் பார்த்தால் ரிசீவரில் இரவு மோட் போட்டுவிடுவோம், அது உரத்த சத்தத்தையும் மெல்லிய சத்தத்தையும் கிட்டக் கொண்டுவரும். சப்பின் அளவையும் தனியாகக் குறைக்கலாம். வயதானவர்கள் இருக்கிற வீடு என்றால், ரிமோட்டிலேயே சப்பைக் குறைக்க முடிகிற ரிசீவராகப் பார்த்து வாங்குங்கள்.

இனி வைக்கும் இடம். எந்த மொடல் என்று யோசிக்கிற நேரத்தில் பாதியை இதற்குச் செலவழித்தால் நல்லது. 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் ஓடும். அதை மீற்றரில் எடுத்த அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், அந்த நீளத்தில் உருவாகும் முதலாவது நிலையான அலையின் (சுவருக்குச் சுவர் தெறித்து அறைக்குள்ளேயே நிற்கிற அலை) மீடிறன் வரும். எங்கள் 14 அடிக்கு 41 ஹேர்ட்ஸ், 10 அடிக்கு 57. அந்த 41ஐப் பாருங்கள், பேஸ் கிற்றாரின் தடித்த கம்பியேதான். சப்பை மூலையில் வைத்தபோது, அந்தச் சுரம் வருகிற இடமெல்லாம் பாட்டு வீங்கியது. மற்றச் சுரங்கள் வந்த சுவடே தெரியாமல் போயின. மூலையில் வைத்தால் சத்தம் கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். கூடும்தான். எது கூடுகிறது என்பதுதான் கேள்வி.

அந்த 41 ஹேர்ட்ஸ் அலைக்கு நீளச் சுவரின் நடுப்பகுதியில் அழுத்தம் மாறாத கணு இருக்கிறது. அங்கே சப்பை வைத்தால் அது அந்த அலையைத் தூண்டாது. எங்கள் வீட்டில் அந்த இடத்தில் அம்மாவின் தையல் மெசின் நின்றது. பேச்சுவார்த்தை நடத்தி மெசினை யன்னலடிக்குக் கொண்டுபோனோம், வெளிச்சமும் கூட என்று அம்மாவுக்குச் சந்தோசம். கணக்குப் போட விருப்பமில்லாதவர்கள் சப்பை நீங்கள் இருக்கும் கதிரையிலேயே ஏற்றி வைத்து, பேஸ் ஓடுகிற பாட்டொன்றைப் போட்டு, காதை நிலத்துக்குக் கிட்ட வைத்துச் சுவரோரமாகத் தவழ்ந்து பாருங்கள். எங்கே ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கிறதோ அங்கே வையுங்கள். கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். நான் தவழும்போது என் மாணவி ஒருத்தி கொப்பி வாங்க வந்துவிட்டாள்.

யூடியூப்பில் கனடாக்காரரின் நிலக்கீழ் அறையில் செய்த விமர்சனத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நாலு பக்கமும் கொங்கிறீற் இருந்தால் தாழ்ந்த ஒலி உள்ளேயே தங்கும். சீலிங் அடிக்காத ஓட்டுக் கூரையால் அது தன்பாட்டில் வெளியே போய்விடும். நமக்கு உள்ளே குறைவாகத்தான் கேட்கும், பக்கத்து வளவுக்கு நன்றாகக் கேட்கும். அதற்காக முறுக்கினால் சண்டைதான் மிஞ்சும்.

அப்புறம் கிடுகிடுப்பு. போனில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றை இறக்கி, 20இலிருந்து 120 ஹேர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றினேன். 38இல் ஸ்டீல் அலுமாரிக் கதவு. 46இல் யன்னல் கொளுக்கி. 60ஐத் தாண்டியதும் சாமிப் படங்கள் வரிசையாக, பிள்ளையார் முதலில். பழைய சைக்கிள் ரியூப்பைத் துண்டு துண்டாக வெட்டி, கதவு இடுக்கிலும் படங்களின் பின்னாலும் வைத்தேன். சப் கரகரக்கிறது என்று பலர் சொல்வது உண்மையில் அவர்களுடைய அலுமாரியைத்தான்.

ரிசீவரில் செற் பண்ணுவது சுலபம். இரண்டு ஸ்பீக்கரையும் 'சிறியது' என்று கொடுத்து, பிரிக்கும் எல்லையை 80 ஹேர்ட்ஸில் வையுங்கள், அதற்குக் கீழே உள்ளது சப்புக்குப் போகும். அந்தத் தாழ்ந்த ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது, அதனால்தான் சப்பைச் சுவர் நடுவில் வைக்க முடிகிறது. சப்பின் பின்னால் இருக்கிற வடிகட்டிக் குமிழை ஆகக் கூடிய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள், இரண்டு இடத்தில் வடிகட்டத் தேவையில்லை. 0, 180 என்ற சுவிட்ச்சை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, பேஸ் நிரம்பிக் கேட்கிற பக்கத்தில் விடுங்கள். நாங்கள் இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சப்பும்தான் வைத்திருக்கிறோம். 5.1க்கு இந்த ஹோலில் வயர் இழுத்தால் நடக்க வழியிருக்காது.

கேட்க எப்படி? கோயில் திருவிழாவில் தவிலுக்குக் கிட்ட நின்றவர்களுக்குத் தொப்பிப் பக்கத்து (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) அடி நெஞ்சில் படுவது தெரியும். புதிய பதிவுகளில் அது இப்போது வருகிறது, வந்த வேகத்தில் நிற்கவும் செய்கிறது. எனக்கு அது போதும். அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் பழைய தவில் பதிவுகளில் சப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, அந்த நாடாவில் பதியாததை இது எங்கிருந்து கொண்டுவரும்? கரண்ட் இல்லாத போர்க்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதில் குறையும் தெரியாது. படங்களுக்கு, வெடிச் சத்தத்தைவிட மழையும் ரயிலும்தான் எனக்குப் பிடித்தது. ஆகக் கீழே ஏதோ குறைகிறது என்று இவர் சொல்வார். 29க்கும் 32க்கும் இடையில் இருக்குமாம்.

சப்பின் காற்றுத் துவாரத்தில் ஸ்பொஞ்ச் துண்டை அளவாகச் செருகினால் பேஸ் இன்னும் இறுக்கமாகும், ஆனால் அளவு குறையும். நான் பாட்டுக்குச் செருகுவேன், இவர் படத்துக்கு எடுத்துவிடுவார். இரவில் செருகியே விடுகிறோம், பல்லி உள்ளே போகாமல் இருக்க.

வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிறவர்களுக்கு ஒரு விசயம். கனடாவிலிருந்து வருவது பெரும்பாலும் 120 வோல்ட். பின்னால் 230 என்றும் எழுதியிருக்கிறதா, மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பார்க்காமல் நம் கரண்டில் குத்தினால் அன்றோடு சரி. இங்கிலாந்துச் சாமான் நம்முடைய 230 வோல்ட்டுக்கே வரும், பிளக்கும் நம் 13 அம்பியர் சதுரப் பின்தான். பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கிறது, உருண்டைப் பின் பிளக்குக்கு மாற்றுகிறேன் என்று யாராவது வெட்ட வந்தால் விடாதீர்கள். பாட்டே இல்லாமல் சப் ம்ம்ம் என்று முனகினால் அது 50 ஹேர்ட்ஸ் கரண்ட்டின் சத்தம். முதலில் டிஷ் அன்ரெனா வயரைக் கழற்றிப் பாருங்கள், எங்களுக்கு அதோடு நின்றது. நிற்காவிட்டால் எர்த் கம்பியைப் பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள், கோடையில் இங்கே நிலம் காய்ந்து எர்த் பிடிக்காது.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கினால் சுவிட்ச்சை அமர்த்துவது மட்டும் காணாது, பிளக்கையே கழற்றிவிடுங்கள். அன்ரெனா வயரையும்.