ஊட்டிக்கென்று தனி டியூனிங் என்றார்கள். 46,000 ரூபாயும் போயிற்று, என்ஜினும் போயிற்று

இன்று காலை என் காரின் மூன்றாவது பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவிலுள்ள மெல்லிய விளிம்பு ஒரு விரற்கடை நீளத்துக்குப் பெயர்ந்து போயிருந்தது. 46,000 ரூபாய் கொடுத்து நானே வாங்கிக்கொண்ட சேதம் இது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்தில் டர்போ பெட்ரோல் கார் வைத்துக்கொண்டு அடிக்கடி மலை ஏறுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். டியூனிங் கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டியவற்றை முடிவில் சொல்கிறேன்.

மேட்டுப்பாளையத்தில் எனக்கு உருளைக்கிழங்கு மண்டி. வாரம் ஒருமுறையாவது கேத்திக்கும் ஊட்டிக்கும் போய் வர வேண்டிய தொழில். நான்கு வருடமாக ஓடும் 1 லிட்டர் டர்போ கார், சித்திரை மாதத்திலிருந்து பர்லியாறு தாண்டிய ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதிக்கும்போதெல்லாம் தகர டப்பாவில் கோலிக்குண்டை உருட்டுவதுபோல் கிணுகிணுக்கத் தொடங்கியது. இரண்டு முறை சர்வீஸ் சென்டரில் விட்டேன். கோவைச் சமவெளியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று இரண்டு முறையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த வெறுப்பில்தான், வீடியோக்களால் பெயர் வாங்கிய ஒரு டியூனிங் கடைக்குப் போனேன். பெயரைச் சொல்லப் போவதில்லை, விவகாரம் வழக்குக்குப் போகிறது. அங்கிருந்த இளைஞர் வண்டியில் என்னோடு ஏறி, நான் சொன்னபடி உயர் கியரில் மெதுவாகப் போய்ச் சட்டென்று மிதிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மிக மெல்லியதாக ஒருமுறை வந்த அந்தச் சத்தத்தை உடனே பிடித்துவிட்டார். “அண்ணா, இது நாக்கிங்குங்க. இத்தன நாளா யாருமே சொல்லலீங்களா?” என்றார். மூன்று மாதமாக என் காதைத்தான் நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். என் பேச்சை நம்பிய முதல் ஆள் அவர்தான் என்பதால் அந்த இடத்திலேயே நானும் அவரை நம்பிவிட்டேன். மலை உயரத்துக்கென்று தனி மேப், அதாவது என்ஜின் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் சாஃப்ட்வேர், ஏற்றித் தருவதாகவும், இனி அந்தச் சத்தமே வராது என்றும் சொன்னார். மலையில் ஓட்டிப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். “லேப்டாப்லயே ஊட்டிக் காத்தை செட் பண்ணீருவமுங்க, நீங்க ரோசனையே பண்ணாதீங்க” என்றார். அவினாசி சாலையில் ஓட்டிக் காட்டியபோது வண்டி பறந்தது. 46,000 ரூபாயை யுபிஐயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, பிறகு வாட்ஸப்பில் வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

அந்த வாரமே, குன்னூரைத் தாண்டி அருவங்காட்டு ஏற்றத்தில் என்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி இழுக்கவில்லை. பின்னால் நீலப் புகை. டோயிங் வண்டிக்கு 9,500 ரூபாய் கொடுத்து மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தேன்.

அதன்பின் அந்தக் கடை எனக்குச் சொன்ன பதில்களை வரிசையாக எழுதுகிறேன். முதல் நாள், பெட்ரோல் சரியில்லை என்றார்கள். இரண்டாம் நாள், இந்த மேப்புக்கு நாக்கிங்கை அதிகம் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டும், சொன்னோமே என்றார்கள். சத்தியமாகச் சொல்லவில்லை. நான் எப்போதும் போடுவது சாதாரண பெட்ரோல் என்று அவர்கள் கண்முன்னே சொல்லியிருக்கிறேன். நான்காம் நாள் அதே இளைஞர், “ஊட்டி குளுரு ஊருங்ணா, அங்க எப்படீங்க நாக்கிங் வரும்?” என்று கேட்டார். மலையில் வரும் நாக்கிங்கை நிறுத்துகிறேன் என்று சொல்லித்தான் என்னிடம் 46,000 ரூபாய் வாங்கினார்! பழைய மேப்பையாவது திருப்பி ஏற்றிக் கொடுங்கள் என்றதற்கு 8,000 ரூபாய் தனியாகக் கேட்டார்கள். இப்போது என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

குளிர் ஊர் என்றால் நாக்கிங் வராது என்பது பொய். கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். கோவையில் 0.96 பார் அளவில் இருக்கும் காற்றழுத்தம் ஊட்டியில் 0.77 பார் அளவுக்கு இறங்கிவிடும். என்ஜினுக்குள் 2 பார் அழுத்தத்தில் காற்று போக வேண்டும் என்று மேப்பில் எழுதியிருந்தால், கோவையில் டர்போ வெளிக்காற்றை இரண்டு மடங்குக்குச் சற்று மேல் அழுத்தினால் போதும். ஊட்டியில் 2.6 மடங்கு அழுத்த வேண்டும். அதற்காக டர்போ இன்னும் வேகமாகச் சுழல, அதிலிருந்து வரும் காற்று இன்னும் சூடாகும். வெளிக்காற்று மெலிந்திருப்பதால் இன்டர்கூலரும் அந்தச் சூட்டை முழுதாக இறக்காது. இப்படிச் சூடேறிய கலவை, பிளக்கிலிருந்து கிளம்பிய தீ வந்து சேரும் முன்பே ஓரத்தில் தானாக வெடிப்பதுதான் நாக்கிங். எனவே மலைக்கென்று மேப் எழுதுகிறவர், வெளி அழுத்தம் குறையக் குறைய பூஸ்ட் இலக்கை, அதாவது டர்போ எட்ட வேண்டிய அழுத்தத்தை, இறக்கி, உள்ளே போகும் காற்றின் சூட்டுக்கேற்ப பிளக் பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

என்ஜினைப் பிரித்த பெரியவர், நாற்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர், தெரிந்த ஒருவரை வைத்து, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.விலிருந்த மேப்பைப் படிக்க வைத்தார். உயரத்துக்கென்று அதில் ஒரு எண்ணைக்கூடத் தொடவில்லை. பூஸ்டை ஏற்றி, டைமிங்கை முன்னுக்கு இழுத்து, எல்லாவற்றுக்கும் மேலாக, நாக் சென்சார் எச்சரித்தாலும் என்ஜின் டைமிங்கைக் குறைக்காதபடி கட்டிப்போட்டிருக்கிறார்கள். அவர் ஸ்பார்க் பிளக்கை டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள், சில மினுமினுத்தன. அது பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து காற்று கசிந்திருக்கிறது. கசிவை ஈடுகட்ட டர்போ கூடுதலாக உழைத்திருக்கிறது. கீழே அப்படிக் கூடுதலாக உழைக்க டர்போவுக்கு இடம் இருந்தது, மலையில் இல்லை. சித்திரையிலிருந்து கேட்ட சத்தத்துக்குக் காரணம் அந்தக் கிளாம்ப். புதிதாகப் போட 350 ரூபாய். காதால் நாக்கிங்கைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆளுக்கு ஹோஸைக் கையால் அசைத்துப் பார்க்கத் தெரியாதா?

என்ஜின் வேலைக்கு 1,62,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். சாஃப்ட்வேரை மாற்றியதால் நீட்டித்த வாரண்டியும் கிடையாது. அந்த 46,000, டோயிங், இது எல்லாம் சேர்த்து 2,17,500 ரூபாய். ஒரு பருவத்துக் கமிஷன் முழுக்க இதில் போயிற்று.

விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இவற்றை மட்டும் பாருங்கள். கசிவுச் சோதனை செய்யாமல் மேப்பைத் தொட விடாதீர்கள். பழைய மேப்பை முதலில் உங்கள் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். மலையில் ஓட்டும்போது என்ஜின் எண்களைப் பதிவு செய்த லாக்கைக் காட்டும்வரை பாதிப் பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் நகராதீர்கள். சத்தம் வந்தால் காலை எடுத்து, கியரைக் குறைத்து, மெதுவாக இறங்கி வந்துவிடுங்கள்.

1915 உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். வியாழக்கிழமை கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கிறேன். மலைக்கென்று மேப் போட்டு என்னைப்போல் என்ஜினை இழந்தவர்கள் பணம் அனுப்பிய ஆதாரத்தோடு அதற்கு முன் எனக்கு எழுதுங்கள்.